ஓடுகிற பைக் ஒன்று இருக்கும்போது இரண்டாவது தேவையா?

நல்ல நிலையில் ஓடும் பைக் ஒன்று கையில் இருக்கிறது, இன்னொன்றும் வாங்கினால் பிரயோஜனம் உண்டா என்பது கேள்வி. முதல் வண்டியால் செய்ய முடியாத ஒரு வேலை இரண்டாவதற்கு இருக்க வேண்டும். அதோடு, அந்த வண்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுக்க உங்களால் முடிய வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் வாங்கலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பேன். பெரும்பாலானோர் வாங்கும் விலையிலேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். இரண்டாவது வண்டி ஓடிக் கெடுவது அபூர்வம், நின்றுதான் கெடுகிறது. அதனால் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

பைக்கில் சில பாகங்கள் ஓடினால் மட்டும் தேயும். செயின், அது சுற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட், பிரேக் பேட், கிளட்ச் பிளேட், டயரின் மேல்பரப்பு எல்லாம் அந்த வகை. வேறு சில ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலத்தால் கெடும். பேட்டரி, பிரேக் ஆயில், கூலன்ட், டயரின் ரப்பர், ஆயில் சீல்கள், ரப்பர் குழாய்கள், டேங்கில் கிடக்கும் பெட்ரோல் ஆகியவை இதில் சேரும். ஆண்டுக்கு மொத்தம் 12,000 கி.மீ. ஓட்டுபவர் அதை 9,000 என்றும் 3,000 என்றும் இரண்டு வண்டிக்குப் பிரித்தால், முதல் வகைச் செலவில் பெரிய மாற்றம் இராது. ஒரு செயின் சீக்கிரம் தேய்வதற்குப் பதில் இரண்டு செயின் மெதுவாகத் தேயும். இரண்டாவது வகைதான் அப்படியே இரட்டிப்பாகும். ஓட்டாத மாதத்திலும் பேட்டரிக்கு வயதாகிறது. இன்சூரன்ஸும் வரியும் அதே மாதிரிதான். ஒரே நேரத்தில் ஒரு வண்டியைத்தான் ஓட்ட முடியும், பணம் இரண்டுக்கும் கட்ட வேண்டும்.

டயரை வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். பின் டயர் 15,000 கி.மீ. தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,000 கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் அது தேய 5 ஆண்டு ஆகும். 5 ஆண்டு ஆன டயரை ஆண்டுதோறும் கவனமாகச் சோதிக்க வேண்டும், 10 ஆண்டைத் தாண்டினால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும் என்பது டயர் தயாரிப்பாளர்கள் பரவலாகச் சொல்லும் அளவு. ஆண்டுக்கு 1,000 கி.மீ. மட்டும் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் மிச்சமிருக்கும் டயரைக் கழற்றி எறிய வேண்டி வரும். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் 4 எண்கள் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பழைய வண்டி வாங்கப் போகும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த எண்ணைத்தான்.

இரண்டாவது வண்டியின் முதல் எதிரி பேட்டரி. சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வின் நினைவகம் போன்றவை கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் இது சில மில்லி ஆம்பியர்தான். 2 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 0.05 ஆம்பியர்-மணி. 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி தீர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். அதே வண்டியில் ஜி.பி.எஸ். டிராக்கரோ அலாரமோ மாட்டி இழுப்பு 15 மில்லி ஆம்பியர் ஆனால் நாளுக்கு 0.36 ஆம்பியர்-மணி போகும். 11 நாளில் பாதி காலி, அதன் பிறகு செல்ஃப் எடுப்பது சந்தேகம். இதோடு பேட்டரி தானாகவே இறங்குவதும் சேரும். வெயில் காலத்தில் அது இன்னும் வேகமாக இருக்கும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில், சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு, 12.7 வோல்ட் காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

இழுப்பை நீங்களே அளக்கலாம். இக்னிஷனை அணைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். பெரிய அளவில் தொடங்கிச் சின்ன அளவுக்கு வாருங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்பவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். இழுப்பு அதிகம் என்றால் அந்த வண்டிக்கு ஒரு பேட்டரி மெயின்டெய்னர் வேண்டும். நிறைந்ததும் சாதாரண சார்ஜரைப் போலத் தொடர்ந்து தள்ளாமல் 13.2 முதல் 13.6 வோல்ட் அளவில் பிடித்து வைக்கும் கருவி அது. லித்தியம் பேட்டரி என்றால் லித்தியத்துக்கென்றே உள்ள சார்ஜர்தான் பொருந்தும். சல்பேட்டை உடைக்கும் வசதி உள்ள சார்ஜரை அதில் மாட்டினால் பேட்டரியே கெடும்.

அடுத்தது பெட்ரோல். நின்ற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போகும், மீதி கெட்டியாகிப் பிசின் போலப் படியும். எத்தனால் கலந்திருந்தால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். கார்புரேட்டர் வண்டியில் இது சில வாரங்களிலேயே தெரியவரும். ஆக்ஸிலேட்டரை முறுக்காத ஐடில் நிலையில் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, அது அடைபடக் கொஞ்சம் பிசின் போதும். சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்ததும் அணையும், ஐடிலில் நிற்காது, ஆக்ஸிலேட்டரை நன்றாக முறுக்கினால் மட்டும் ஒழுங்காக ஓடும். இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் பிளக்கையும் காயிலையும் மாற்றிப் பணத்தை வீணாக்காமல் பைலட் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் எரிபொருள் பாதை மூடியிருப்பதால் கெடுதல் மெதுவாக நடக்கும். அதற்காக அது கெடவே கெடாது என்று விட்டுவிடக் கூடாது. பம்பின் வடிகட்டியும் இன்ஜெக்டரும் அடைத்தால் செலவு கார்புரேட்டரைவிடப் பல மடங்கு.

இங்கே மிகப் பரவலான ஒரு தவறான பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது. செய்பவர் வண்டிக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார், நடப்பது நேர்மாறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இன்ஜின் முழுச் சூடு ஏறாத நிலையில் அது சைலன்சருக்குள்ளும் இன்ஜின் ஆயிலிலும் தண்ணீராகவே தங்கும். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும், ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்தது போன்ற வெள்ளைப் பசை தெரியும். ஐடிலில் சார்ஜிங்கும் போதாது. செல்ஃப் எடுத்த மின்சாரம்கூட முழுதாகத் திரும்பாமல் போகலாம். எடுத்தால் 20, 25 கி.மீ. ஓட்டுங்கள், அரை மணி நேரமாவது ஆகட்டும். ஆயில் முழுச் சூட்டுக்கு வந்து ஈரம் ஆவியாக வேண்டும், பேட்டரி ஏற வேண்டும், செயின் அசைய வேண்டும், பிரேக் டிஸ்க்கின் மேல் படிந்த துரு உரசிப் போக வேண்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமலேயே விட்டுவிடுங்கள்.

தொடக்கத்தில் இரண்டு வாரம் என்று சொன்னது இதற்காகத்தான். டிராக்கர் மாட்டாத வண்டியில் அந்த இடைவெளிக்குள் பேட்டரி இறங்காது, கார்புரேட்டர் அடைக்காது, கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. வாழ்க்கையில் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்க முடியுமா என்பதை வாங்கும் முன்பே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், வேலைப் பிரிவினைக்கு வருவோம். எந்த ஜோடி சரியாக அமையும்? என் கருத்தில் இரண்டாவது வண்டி முதலாவதைவிடச் சிறியதாக இருக்கும்போதுதான் கணக்கு பெரும்பாலும் தேறுகிறது. ஊரே பெரிய வண்டியை நோக்கி மேலே போகச் சொல்லும், நான் கீழே வரச் சொல்வேன். லிட்டருக்கு 28 கி.மீ. தரும் 200 கிலோ எடையுள்ள பயண பைக்கில் ஒருவர் தினமும் வேலைக்குப் போய்வந்து ஆண்டுக்கு 8,000 கி.மீ. ஓட்டுகிறார் என்றால் ஏறத்தாழ 285 லிட்டர் பெட்ரோல் ஆகிறது. லிட்டருக்கு 60 கி.மீ. தரும் 110 அல்லது 125 சிசி வண்டியில் அதே தூரத்துக்கு 135 லிட்டர் போதும். ஆண்டுக்கு 150 லிட்டர் மிச்சம். இதோடு பெரிய வண்டியின் விலை கூடிய டயரும் செயினும் நெரிசலில் தேயாமல் மிஞ்சும். குறுகிய தூரத்தில் சூடு ஏறாமலே அணைக்கப்படும் தொல்லையும் பெரிய இன்ஜினுக்குக் குறையும். இப்போது சிறிய வண்டியின் ஆண்டு இன்சூரன்ஸ், வரி, சர்வீஸ் எல்லாவற்றையும் கூட்டி, அது எத்தனை லிட்டர் பெட்ரோலின் விலைக்குச் சமம் என்று பாருங்கள். 150க்குக் கீழே வந்தால் அந்த வண்டி தன் ஆண்டுச் செலவைத் தானே சம்பாதிக்கிறது. கொஞ்சம் மேலே போனாலும் டயர், செயின் மிச்சம் அதை ஈடுகட்டும்.

எதிர்த்திசையில், சிறிய வண்டி வைத்திருப்பவர் ஆண்டில் சில நெடும்பயணங்களுக்காகப் பெரியது வாங்குவது பணக் கணக்கில் தேறுவது கடினம். ஆண்டு நிலைச்செலவோடு, வண்டியின் மதிப்பு ஆண்டுக்கு எவ்வளவு குறைகிறதோ அதையும் கூட்டி, உண்மையில் ஓட்டப்போகும் நாட்களால் வகுங்கள். வரும் தொகை அதே வகை வண்டியின் ஒருநாள் வாடகையைவிட அதிகம் என்றால் வாடகைக்கு எடுப்பதே மேல். நாட்களை எண்ணும்போது ஆசையை எண்ணாதீர்கள். சென்ற ஆண்டு எத்தனை நாள் அப்படிப் போனீர்கள் என்பதே சரியான எண். புது வண்டி முதல் ஓரிரு ஆண்டில்தான் மதிப்பை அதிகம் இழக்கும் என்பதால், இந்த வகுத்தலில் 4, 5 ஆண்டு ஆன வண்டி புதியதைவிடப் பெரும்பாலும் நன்றாக வரும். இந்தக் கணக்கில் தோற்ற பிறகும் அந்த வண்டி மீதுள்ள பிரியத்துக்காக வாங்குவதில் எனக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை. ஓட்டும் மகிழ்ச்சிக்கு விலை கொடுப்பது நியாயமான செலவுதான். அதை மிச்சம் என்று சொல்லிக்கொள்வதில்தான் சிக்கல்.

மண் பாதைக்கென ஒரு வண்டி வைத்துக்கொள்வது தெளிவான காரணம். 21 அங்குல முன் சக்கரம், நீண்ட சஸ்பென்ஷன், முண்டு டயர் உள்ள வண்டி தார்ச்சாலையில் சுமாராகத்தான் இருக்கும். அதற்கு நேர்மாறாகச் சாலை வண்டி மண்ணில் திணறும். இரண்டையும் ஒரே வண்டி நன்றாகச் செய்யாது. அதேபோல், தினசரி வேலைக்கு வண்டி இல்லாமல் முடியாது, வேறு போக்குவரத்தும் இல்லை என்ற நிலையில், உதிரிபாகம் வரக் காத்திருக்கும் நாட்களுக்கு மாற்று வண்டி ஒன்று இருப்பது பெரிய நிம்மதி. வீட்டில் ஓட்டுநர் இருவர் என்றால் கேள்வியே மாறிவிடுகிறது, இரண்டும் ஓடும்.

ஒரே வேலையைச் செய்யும் இரண்டு வண்டிகள்தான் வீண். 150 சிசி ஒன்று இருக்கும்போது 160 சிசி இன்னொன்று வாங்கினால் மூன்று மாதத்தில் புதியது மட்டும் ஓடும், பழையது மூலையில் நிற்கும். அப்படி என்றால் பழையதை விற்றுவிட்டு வாங்குங்கள். சில சமயம் குறை என்று நினைப்பது வண்டியையே மாற்ற வேண்டிய அளவுக்கு இருக்காது. ஏற்றத்தில் சுமையோடு இழுக்கவில்லை என்றால் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பார்க்கலாம். முன்னால் 15 பல்லும் பின்னால் 45 பல்லும் இருந்த இடத்தில் முன்னால் 14 போட்டால் விகிதம் 3.00லிருந்து 3.21 ஆகும், இழுவை 7 சதவீதம் கூடும். அதே அளவுக்கு நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்று ஏறும், மைலேஜ் கொஞ்சம் குறையும். வேகமானி தன் கணக்கை கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டியில் காட்டும் வேகமும் மாறிவிடும், அதைக் கவனிக்க வேண்டும். சீட்டின் நுரை, முன் கண்ணாடித் தடுப்பு, சுமைப் பெட்டி, டயரின் வகை ஆகியவற்றை மாற்றினாலே பாதிப் பேருக்குப் போதும்.

இரண்டு வண்டி மாறி மாறி ஓட்டுவதில் ஒரு பாதுகாப்பு விஷயம் உண்டு, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. கையும் காலும் பழக்கத்தில் இயங்குபவை. கனமான டிஸ்க் பிரேக் வண்டியில் அழுத்திப் பழகிய விரல், இலேசான வண்டியில் அதே அழுத்தம் கொடுத்தால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாவிட்டால் விழுவீர்கள். டிரம் பிரேக்கிலிருந்து டிஸ்க்குக்கு மாறினாலும் இதேதான். ஒன்றில் முதல் கியர் கீழே மற்றவை மேலே, இன்னொன்றில் எல்லாமே முன்னால் மிதிப்பது என்றிருந்தால், அவசரத்தில் கால் தவறான பக்கம் மிதிக்கும். கியர் முறை வேறுபடும் இரண்டு வண்டிகளை ஒன்றாக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. மற்ற வேறுபாடுகளுக்கு, மாறி ஏறியதும் வாகனம் இல்லாத இடத்தில் இரண்டு மூன்று முறை பிரேக்கை மெல்ல அழுத்தி உணர்ந்த பிறகு வேகம் எடுங்கள். பிரேக், கிளட்ச் லீவர்களின் கோணத்தையும், பிடிக்கத் தொடங்கும் முன் உள்ள தளர்வையும் இரண்டிலும் ஒரே மாதிரி அமைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

வாங்குவதாக முடிவு செய்தால் முதல் வண்டியோடு பொருந்துவதைப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே ஆயில் தரம், ஒரே பிளக் அளவு என்றால் சேமித்து வைப்பது எளிது. பைக்கில் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருப்பதால் ஜப்பானியத் தரக் குறியீடான ஜாசோவில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 தர ஆயில் வேண்டும். ஸ்கூட்டருக்கான எம்.பி. ஆயிலை மாற்றி ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். வீட்டில் பைக்கும் ஸ்கூட்டரும் இருந்தால் ஆயில் டப்பாக்களில் பெரிதாக எழுதி வையுங்கள்.

பழையது வாங்கும்போது குறைந்த கிலோமீட்டரைக் கண்டு மயங்க வேண்டாம். 8 ஆண்டில் 9,000 கி.மீ. மட்டும் ஓடிய வண்டியைவிட, ஒழுங்காகச் சர்வீஸ் செய்யப்பட்டு 40,000 கி.மீ. ஓடியது பல நேரம் நல்ல வண்டியாக இருக்கும். நின்ற வண்டியில் டேங்கின் உள்ளே டார்ச் அடித்துத் துரு பாருங்கள். முன் ஃபோர்க் குழாயில் துருப்புள்ளி இருந்தால் அது ரப்பர் சீலைக் கிழித்து ஆயில் கசியும். பிரேக் ஆயில் தேன் நிறத்தைத் தாண்டிப் பழுப்பாக இருந்தால் வருடக்கணக்கில் மாற்றவில்லை என்று பொருள். புதிய டாட் 4 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய நிலையில் அது 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் லீவர் அப்படியே உள்ளே போய்விடும், வண்டி நிற்காது. ஓடாவிட்டாலும் 2 ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று தெரிந்தால் அரைகுறையாக விடாமல் முறையாகப் படுக்கப் போடுங்கள், அதாவது நீண்ட நாள் நிறுத்தத்துக்குத் தயார்செய்யுங்கள். முதலில் 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், பழைய ஆயிலில் உள்ள அமிலம் பேரிங்கில் தங்கக் கூடாது. இரும்பு டேங்க் என்றால் நிரப்பி வையுங்கள், காலி இடம் இருந்தால் ஈரக்காற்று புகுந்து துரு வரும். பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கிடைத்தால் கலந்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கார்புரேட்டர் என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். கழுவினால் நன்றாகக் காய்ந்த பிறகே செயினுக்கு மசகு (லூப்) போடுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரில் கையேடு சொல்லும் மேல் அளவுக்குக் காற்று அடியுங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கால் சுற்று உருட்டி வையுங்கள். எலி புகாமல் சைலன்சர் வாயை ஆறிய பிறகு துணியால் அடைத்து, அடைத்திருப்பதை ஒரு அட்டையில் எழுதி ஹேண்டில்பாரில் தொங்கவிடுங்கள். மூடுவதற்குக் காற்று போகும் துணி உறை வேண்டும். பிளாஸ்டிக் தாள் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்து எல்லாவற்றையும் துருவாக்கும்.

திரும்ப எடுக்கும் நாளில் ஸ்டார்ட் செய்யும் முன் முதல் கியரில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சக்கரம் சுழலாமல் இன்ஜினோடு பிடித்தால் பிளேட்டுகள் ஒட்டியிருக்கின்றன. ஆட்டியே விடுவிக்கலாம். அதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்து கியர் போட்டால் கிளட்ச் பிடித்திருந்தும் வண்டி பாயும். ஃபோர்க் குழாயை ஈரத்துணியால் துடைத்த பிறகே அமுக்கிப் பாருங்கள், காய்ந்த தூசி ரப்பர் சீலை அறுக்கும்.

மூன்றாவது வண்டியும் சேர்ந்தால் இரண்டை ஓட்டத்தில் வைத்து ஒன்றைப் படுக்கப் போடும் சுழற்சி மட்டுமே சாத்தியம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் நோட்டில் ஒதுக்கி ஆயில், பிரேக் ஆயில், பேட்டரி மாற்றிய தேதி, கி.மீ., காற்று பார்த்த நாள் எல்லாம் எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொண்டால் இரண்டு வண்டியின் தேதிகள் குழம்பும். அந்த நோட்டிலேயே இன்னொன்றும் தெரியும். ஆறு மாதத்தில் ஒரு வண்டி 500 கி.மீ.கூடத் தாண்டவில்லை என்றால், பேட்டரி நன்றாக இருந்து, டயருக்கு வயது மிச்சம் இருந்து, ஒரே செல்ஃபில் எடுக்கும் இந்த நேரத்திலேயே அதை விற்பனைக்குப் போடுங்கள். இன்னும் ஓராண்டு தள்ளினால் வாங்க வருபவர் முன்னால் ஸ்டார்ட் ஆகாத வண்டியாக அது நிற்கும், விலையும் அதற்கேற்பத்தான் பேசுவார்.